ஐந்தே நாளில் வந்த ஏற்புக் கடிதம்

என் ஆய்வுக் கட்டுரை ஒருவழியாக ஓர் ஆய்விதழில் வெளிவந்துவிட்டது. மூன்று வாரம் ஆகிறது. எழுதி முடித்ததிலிருந்து வெளிவரும் வரை பதினாறு மாதம். அதில் கிட்டத்தட்ட நான்கு மாதம் என் அவசரத்தால் மட்டுமே வீணானது என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

பள்ளி மாணவர்கள் நிலவின் பிறைகளை எப்படி விளக்குகிறார்கள் என்பது என் ஆய்வு. பூமியின் நிழல் விழுவதால்தான் நிலா தேய்கிறது என்று பல நாடுகளிலும் மாணவர்கள் நம்புவது தெரிந்த விஷயம். நிழல் விழுவது கிரகணத்தின்போது மட்டும்தான். மற்ற நாட்களில் நிலவின் ஒளிபட்ட பாதியில் எவ்வளவு நம் பக்கம் திரும்பியிருக்கிறதோ அதுவே பிறை. வீட்டில் கேட்ட நிலாக் கதைகளுக்கும் இந்த நிழல் விளக்கத்துக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்த்தேன். அறிவியல், பண்பாடு, கல்வி என மூன்றும் கலந்த ஆய்வு. கேட்க நன்றாக இருக்கும். அனுப்பும்போதுதான் வினை.

வானியல் கல்வி இதழ் ஒன்று ஒன்பதே நாளில் ‘கதைகள் அதிகம், எங்கள் வரம்புக்குள் வராது’ என்று திருப்பிவிட்டது. நாட்டுப்புறவியல் இதழ் பத்து வாரம் வைத்திருந்து, ‘அட்டவணைகள் அதிகம்’ என்று இரண்டு வரியில் முடித்துக்கொண்டது. இரண்டுமே மதிப்பாய்வாளர், அதாவது கட்டுரையைப் படித்துக் கருத்துச் சொல்லும் துறை நிபுணர், கைக்குப் போகவே இல்லை. ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். இரண்டு துறைக்கு நடுவில் நிற்கும் கட்டுரை என்றால், முழுவதையும் அனுப்புவதற்கு முன் சுருக்கத்தை மட்டும் பதிப்பாசிரியருக்கு அனுப்பி, ‘இது உங்கள் இதழுக்குப் பொருந்துமா’ என்று கேட்டுவிடுங்கள். பலர் பதில் போடுகிறார்கள். எனக்கு இது அப்போது தோன்றவில்லை.

சோர்ந்து கிடந்த அந்த வாரத்தில்தான் அந்த மின்னஞ்சல் வந்தது. அறிவியல், பண்பாடு, கல்வி எல்லாவற்றையும் வரவேற்கும் பல்துறை ஆய்விதழாம். எனக்காகவே தொடங்கியது போல இருந்தது! ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பவில்லை. இதழ்களுக்குத் தரப்படும் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என் எண்ணைச் சோதித்தேன். எட்டு இலக்கத்தில் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. முதல் ஏழையும் முறையே 8, 7, 6 என்று 2 வரை பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்து, மீதியை 11இலிருந்து கழித்தால் அந்தக் கடைசி இலக்கம் வர வேண்டும். கணக்கு 10 என்று வந்தால் எக்ஸ் என்று போடுவார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். சரியாக வந்தது. பெரிய துப்பறிவாளன் போல ஒரு பெருமிதம்.

கட்டுரையை அனுப்பினேன். ஐந்தாம் நாள் ஏற்புக் கடிதம் வந்துவிட்டது. ‘இரண்டு நிபுணர்கள் மதிப்பாய்வு செய்தார்கள்’ என்று இருந்ததே தவிர, அவர்கள் சொன்ன கருத்து ஒரு வரிகூட இல்லை. கூடவே பதிப்புரிமைப் படிவமும், கட்டணம் கட்டச் சொல்லும் சீட்டும். படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். பணம் கட்டும் பக்கம் வந்தபோதுதான், கணக்கு இதழின் பெயரிலோ பதிப்பகத்தின் பெயரிலோ இல்லாமல் யாரோ தனிநபர் பெயரில் இருந்ததைக் கவனித்தேன்.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. அந்த ஐஎஸ்எஸ்என் எண் உண்மையானதுதான். ஆனால் அது வேறொரு பழைய அச்சு இதழுக்கு உரியது. அந்த இதழின் பெயர், எண், அட்டைப்படம், ஆசிரியர் குழு எல்லாவற்றையும் திருடி யாரோ போலித் தளம் நடத்திக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர் குழுவில் பெயர் இருந்த ஒருவருக்கு, அவருடைய பல்கலைக்கழகப் பக்கத்திலிருந்து முகவரி எடுத்து எழுதினேன். தனக்கும் அந்தத் தளத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று அன்றைக்கே பதில் வந்தது. அந்தத் தளத்தின் முந்தைய இதழ்களில் கட்டுரைகளுக்குக் கொடுத்திருந்த டிஓஐ எண்களை, அதாவது ஒவ்வொரு கட்டுரைக்குமான நிலையான இணைய அடையாள எண்களை, டிஓஐ அமைப்பின் தளத்தில் போட்டுப் பார்த்தேன். ஒன்றுகூடத் திறக்கவில்லை. ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற, ஆய்வுக் கட்டுரைகள் திரும்பப் பெறப்படுவதைக் கண்காணிக்கும் தளம் பராமரிக்கும் கடத்தப்பட்ட (இப்படிப் பெயர் திருடப்பட்ட) ஆய்விதழ்களின் பட்டியலிலும் அந்தப் பெயர் இருந்தது. இத்தனையையும் சரிபார்க்க மொத்தமே இருபது நிமிடம்தான் ஆனது. நான் போட்ட பெருக்கல் கணக்கு எதற்கும் உதவவில்லை. ஐஎஸ்எஸ்என் ஓர் இதழை அடையாளம் காட்டும் எண், அவ்வளவுதான். தரத்துக்கு அது சான்று இல்லை. எண்ணைச் சோதிப்பதைவிட, ஐஎஸ்எஸ்என் தளத்தில் அந்த எண்ணுக்கு நேரே பதிவாகியுள்ள பெயரையும் பதிப்பகத்தையும் இணைய முகவரியையும் ஒப்பிட்டிருக்க வேண்டும்.

கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதினேன். திரும்பப் பெறவும் கட்டணம் கேட்டார்கள். மறுத்தேன். மூன்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, இரண்டு மாதம் பதிலுக்குக் காத்திருந்தேன். ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பக் கூடாது என்பதால் வேறு எங்கும் அனுப்பவும் பயம். கடைசியில் என் நெறியாளர், ‘நீ எழுத்தில் திரும்பப் பெற்றுவிட்டாய், பதிவு இருக்கிறது, போதும். புதிய இதழுக்கு எழுதும் முகப்புக் கடிதத்தில் நடந்ததைச் சொல்லிவிடு’ என்றார். நான் அதில்தான் கோட்டை விட்டேன். வெட்கத்தில் சொல்லாமல் அனுப்பினேன்.

பத்து நாளில் பதிப்பாசிரியரிடமிருந்து கேள்வி வந்தது. ஏற்கெனவே வெளிவந்தவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஒப்புமைச் சோதனையில் 91 சதவீதம்! பணம் கட்டாதபோதும் அந்தப் போலித் தளம் என் கட்டுரையை அப்படியே ஏற்றி வைத்திருந்தது. என் எழுத்தையே நான் திருடியதாக ஓர் அறிக்கை. மூன்று மின்னஞ்சல்களையும், ஆசிரியர் குழுப் பேராசிரியரின் அனுமதி பெற்று அவருடைய பதிலையும், பட்டியலில் அந்தத் தளம் இருக்கும் பக்கத்தையும் ஒரே கோப்பாக்கி அனுப்பினேன். ஆறு வாரம் பதில் இல்லை. அந்த ஆறு வாரம் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். பிறகு ஒரு வரி வந்தது: மதிப்பாய்வுக்கு அனுப்புகிறோம், ஆனால் முதலில் நெறிமுறைக் குழு ஒப்புதலைச் சேர்க்கவும்.

மாணவர்களை வைத்து ஆய்வு செய்யலாம் என்று அந்தக் குழு தந்த ஒப்புதல் கடிதம் என்னிடம் இருந்தது. ஆனால் அதில் இருந்தது ஆய்வுத் திட்டத்தின் பழைய தலைப்பு. இரண்டும் ஒன்றே என்று ஒரு விளக்கக் கடிதம் வாங்க அலுவலகத்துக்கு நான்கு நடை. ‘கோப்பு மேலே போயிருக்கிறது’ என்றார் எழுத்தர். நான்காவது நாள் பார்த்தால், அந்தக் கோப்பு அவருடைய மேசையிலேயே, தேநீர்க் கோப்பைக்கு அடியில் இருந்தது. மாணவர்களை வைத்து ஆய்வு செய்கிறவர்கள் தலைப்பை மாற்றும்போதே குழுவுக்கும் எழுதிவிடுங்கள். பெற்றோர் ஒப்புதல் படிவங்களை ஸ்கேன் செய்து வைத்திருந்ததால் அந்த ஒரு தொல்லை மட்டும் வரவில்லை.

மதிப்பாய்வுக்கு ஐந்து மாதம் ஆனது. முதல் மதிப்பாய்வாளர் மூன்று வரி எழுதி, கதைப் பகுதியை விரிக்கச் சொன்னார். இரண்டாமவர் நான்கு பக்கம் எழுதி, அதே பகுதியைச் சுருக்கச் சொன்னார். எதைச் செய்வது? இடப்பக்கம் அவர்கள் கருத்து, வலப்பக்கம் என் பதில், திருத்திய வரி எண் என்று அட்டவணை போட்டேன். முரண்பட்ட இடத்தில் யார் சொன்னதை ஏன் ஏற்றேன் என்று பதிப்பாசிரியருக்குத் தனியாக எழுதினேன். அதை அவர் ஒப்புக்கொண்டார்.

இரண்டாமவரை முதலில் மனதுக்குள் நன்றாகத் திட்டினேன். மாணவர்களின் பதில்களை நான் ஒருவனே வகைப்படுத்தியிருந்தேன். இன்னொருவரும் தனியாக வகைப்படுத்த வேண்டும், இருவருக்கும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்குக் கோஹனின் கப்பா மதிப்பைத் தர வேண்டும் என்றார் அவர். வேண்டாத வேலை என்றுதான் நினைத்தேன். செய்து பார்த்ததில் 11 பதில்கள் வகை மாறின. ‘நிழல்’ என்று நான் எண்ணியிருந்த சில பதில்களில் மாணவர்கள் சொன்னது மேகத்தை. முக்கிய அட்டவணையே மாறிப்போனது. ஐந்து நாளில் ஏற்ற அந்த ‘இரண்டு நிபுணர்கள்’ இதைப் பார்க்கவே இல்லை.

மெய்ப்பு வந்தது, திருத்தினேன், வெளிவந்தது.

போலித் தளத்தில் என் பழைய பிரதி இன்னும் இருக்கிறது. நீக்கச் சொல்லி இந்த மாதமும் எழுதினேன், பதில் இல்லை. தலைப்பைப் போட்டுத் தேடினால் அதுதான் முதலில் வருகிறது. மேகங்களை நிழலாக எண்ணிய அந்த அட்டவணையோடு, என் பெயரில்.