வாடகைதாரர் காலி செய்யவில்லையா? நோட்டீஸிலிருந்து சாவி கைக்கு வரும் வரை

காலி செய்ய மறுப்பவரிடம் பொறுமை இழந்த வீட்டு உரிமையாளர் முதலில் கை வைப்பது ஃபியூஸில். இல்லையென்றால் தண்ணீர் மோட்டாரில். அதுவும் இல்லையென்றால், குடியிருப்பவர் ஊருக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து வேறு பூட்டு. இந்த மூன்றையும் தயவுசெய்து செய்யாதீர்கள். தமிழ்நாட்டில் 22.2.2019 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய வாடகைச் சட்டம் (2017-ம் ஆண்டின் 42-வது சட்டம்) பிரிவு 20-ல் மின்சாரம், தண்ணீர் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்துவதைத் தடை செய்கிறது. நிறுத்தினால் வாடகைதாரர் நேராக வாடகை அதிகாரியிடம் (இந்தச் சட்டத்தின்கீழ் நியமிக்கப்பட்ட அதிகாரி) மனு கொடுப்பார். பூட்டை மாற்றினால் போலீஸ் புகாரும் சேர்ந்து வரும். நியாயம் உங்கள் பக்கம் இருந்தும், பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள்.

முதலில் பார்க்க வேண்டியது, உள்ளே இருப்பவர் சட்டத்தின் கண்ணில் யார் என்பது. வாடகைதாரரா, இல்லை எந்த உரிமையும் இல்லாமல் உட்கார்ந்திருப்பவரா? இரண்டுக்கும் நீதிமன்றமே வேறு. பாதை மாறிப் போனால், மனு நிலைக்காது என்ற ஒரே காரணத்துக்காகப் பல மாதங்கள் வீணாகும்.

வாடகைதாரர் என்றால் வாடகை நீதிமன்றம்: சென்னையில் சிறுவழக்குகள் நீதிமன்றம், மற்ற ஊர்களில் மாவட்ட உரிமையியல் நீதிமன்றம். காலி செய்யக் கோரும் காரணங்கள் பிரிவு 21(2)-ல் இருக்கின்றன. இரண்டு மாத வாடகை பாக்கி, எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விட்டது, எச்சரித்த பிறகும் இடத்தைத் தவறாகப் பயன்படுத்துவது, நீங்கள் கட்டடத்தை இடித்துக் கட்ட வேண்டியிருப்பது என்று பட்டியல் போகும். இவற்றில் பலர் கவனிக்காமல் விடுவது முதல் உட்பிரிவான (ஏ): எழுத்துப்பூர்வ வாடகை ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியது. இருபது வருடமாக வாய்ப்பேச்சிலேயே ஓடிய குடித்தனமாக இருந்தாலும் இதன்கீழ் மனு போடலாம். போடுவதற்கு முன், ஒப்பந்த நகல் ஒன்றை இணைத்து, கையெழுத்திட வரச் சொல்லி ஒரு நோட்டீஸ் அனுப்பிவிடுங்கள். ஒப்பந்தத்துக்கு முன்வராதது யார் என்ற கேள்வி வரும்போது அந்த நோட்டீஸ்தான் பேசும்.

புதிதாகக் குடி வைப்பவர்களுக்கும் இதிலேயே ஒரு வார்த்தை. பதினொரு மாத ஒப்பந்தத்துக்குப் பதிவு வேண்டாம் என்பது பத்திரப் பதிவுச் சட்டத்தின் கணக்கு. வாடகைச் சட்டத்தின்படி எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். tenancy.tn.gov.in என்ற அரசு தளத்தில் செய்யும் வேலைதான். முத்திரைத் தாளில் கையெழுத்து வாங்கி பீரோவில் வைத்துக்கொண்டால் போதாது.

வாடகை பாக்கிதான் காரணம் என்றால் நோட்டீஸில் துல்லியம் முக்கியம். எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, மாதத்துக்கு எவ்வளவு, இதுவரை வந்தது எவ்வளவு, நிற்பது எவ்வளவு என்று கணக்காக எழுத வேண்டும். "பல மாதங்களாக வாடகை தரவில்லை" என்ற ஒற்றை வரி எதற்கும் உதவாது. நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் முழுப் பாக்கியையும் அவர் கட்டிவிட்டால், அந்தக் காரணத்தில் வெளியேற்ற முடியாது. வாடகை வாங்க மறுத்துவிட்டு பாக்கி என்று சொல்வதும் எடுபடாது. நீங்கள் மறுத்தால் வாடகை அதிகாரியிடமே பணத்தைச் செலுத்த அவருக்கு வழி இருக்கிறது.

நோட்டீஸை வீட்டு முகவரிக்கு ஒன்று, கடையோ அலுவலகமோ இருந்தால் அங்கே ஒன்று என்று ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப் கூடுதலாக இருக்கட்டும், தபாலுக்கு மாற்றாக வேண்டாம். உறை திரும்பி வந்தால் பிரிக்காதீர்கள். "வாங்க மறுத்தார்" என்று தபால்காரர் எழுதி, தேதி போட்டு, சுருக்கொப்பமிட்டிருக்கும் அந்த மூடிய உறை உங்கள் வழக்கின் முக்கியமான சான்று. சரியான முகவரியில் அனுப்பியதை மறுத்தால், கிடைத்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும்.

அனுப்பிய பிறகு நடக்கும் தவறு இன்னொன்று. குடித்தனத்தை முடித்ததாக நோட்டீஸ் கொடுத்துவிட்டு, அடுத்த மாதம் ஜிபேயில் வந்த தொகையைப் பேசாமல் வாங்கிக்கொள்வது. நோட்டீஸை நீங்களே கைவிட்டுவிட்டீர்கள் என்று எதிர்த்தரப்பு வக்கீல் சொத்து மாற்றுச் சட்டத்தின் பிரிவு 113-ஐ எடுத்து வைப்பார். பணம் வந்தால், "இது பாக்கிக்கும் அனுபவித்ததற்கான இழப்பீட்டுக்கும் மட்டுமே வரவு வைக்கப்படுகிறது, குடித்தனம் தொடர்வதாகப் பொருளல்ல" என்று அன்றே எழுத்தில் பதில் அனுப்பிவிடுங்கள்.

உரிமையில்லாமல் குடியிருப்பவர் விஷயத்துக்கு வருவோம். வாட்ச்மேனாக வைத்தவர், பாசத்தில் தங்கவிட்ட சொந்தக்காரர், வெளிநாட்டில் இருப்பவரின் காலி மனையில் கொட்டகை போட்டவர். இங்கே வாடகை நீதிமன்றத்துக்கு வேலையில்லை. உரிமையியல் நீதிமன்றத்தில் சுவாதீனம் (இடத்தை உங்கள் கைவசம் ஒப்படைப்பது) கோரி வழக்கு. பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, சொத்து வரி ரசீது, மின் இணைப்பு யார் பேரில் என்பதெல்லாம் தேவைப்படும். உங்கள் கையில் இருந்த இடத்தைச் சட்டத்துக்குப் புறம்பாகப் பிடுங்கியிருந்தால், ஆறு மாதத்துக்குள் தனி நிவாரணச் சட்டத்தின் பிரிவு 6-ன்கீழ் வழக்குப் போடலாம். அதில் உரிமை யாருடையது என்ற விசாரணையே இல்லை, தீர்ப்புக்கு மேல்முறையீடும் இல்லை. ஆறு மாதம் தாண்டினால் இந்தக் கதவு மூடிவிடும், பிறகு உரிமையை நிரூபிக்கும் நீண்ட வழக்குதான்.

"பன்னிரண்டு வருஷம் இருந்தாச்சு, இனி எங்களுக்குத்தான் சொந்தம்" என்று மிரட்டினால் பயப்பட வேண்டாம். உங்கள் அனுமதியோடு இருந்தவருக்கு எதிரிடை அனுபவம் (உரிமையாளருக்கு எதிராக நீண்ட காலம் அனுபவித்ததால் சொத்து தனக்கே என்ற வாதம்) பேச இடமில்லை. காவலாளியும் பராமரிப்பாளரும் எத்தனை காலம் இருந்தாலும் சொத்தில் உரிமை பெறமாட்டார்கள் என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் அனுமதியே இல்லாமல், உரிமையாளரை மறுத்து வெளிப்படையாக இருப்பவர் விஷயம் வேறு. அங்கே பன்னிரண்டு வருடக் கணக்கு உண்மையாகவே ஓடும். வெளியூரில் இருப்பவர்கள் வருடத்துக்கு ஒரு முறையாவது மனையைப் போய்ப் பாருங்கள்.

உத்தரவு வந்ததும் வேலை முடிந்ததாக நினைத்துவிட வேண்டாம். பிரிவு 6 வழக்கு தவிர மற்றவற்றில் எதிர்த்தரப்புக்கு மேல்முறையீடு உண்டு. உங்களுக்குத் தெரியாமல் அவர் தடை வாங்கிவிடாமலிருக்க, மேல் நீதிமன்றத்தில் கேவியட் மனு போட்டு வையுங்கள். அது 90 நாள் தாங்கும். அப்படியும் காலி செய்யவில்லை என்றால், உத்தரவை நிறைவேற்றித் தரக் கோரும் நிறைவேற்று மனு. கதவு பூட்டியிருக்கும் என்று தோன்றினால் பூட்டுடைக்கவும், தகராறு வரும் என்று தோன்றினால் போலீஸ் பாதுகாப்புக்கும் முன்னதாகவே தனி மனுக்கள் போட்டு உத்தரவு வாங்கி வையுங்கள். அமீனா (உத்தரவை நிறைவேற்ற வரும் நீதிமன்ற ஊழியர்) வந்து நிற்கும் நாளில் "பூட்டை உடைக்க உத்தரவு இல்லையே" என்று திரும்பிப் போனால் மறுபடி ஒரு வாய்தா.

அன்றைக்கு ஒரு பூட்டுக்காரர், புதிய பூட்டு, சாமான்களைப் பட்டியல் எடுக்கத் தாள், சாட்சிக் கையெழுத்துப் போட அக்கம்பக்கத்தார் இரண்டு பேர், வீடியோ எடுக்க ஒருவர் வேண்டும். பீரோவுக்குள் இருப்பதை நீங்கள் தொடாதீர்கள், அமீனா முன்னிலையில் அப்படியே குறிக்கட்டும். சுவாதீனம் ஒப்படைத்ததாக அவர் எழுதும் அறிக்கையில் தேதியும் நேரமும் கதவு எண்ணும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பூட்டைப் போட்டு சாவியை எடுத்ததும், மின் மீட்டர் அளவையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.