நாகராஜா கோயிலில் காலை, சுசீந்திரத்தில் மாலை

கன்னியாகுமரிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் நாகர்கோவிலைப் பேருந்து ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறார்கள். விடியலில் கடலோரம் சூரியன், படகேறி விவேகானந்தர் பாறை, திரும்பும் வழியில் சுசீந்திரத்தில் முக்கால் மணி நேரம். அத்தோடு வண்டி மதுரைக்கோ திருச்செந்தூருக்கோ கிளம்பிவிடும். வண்டிக்காரர்களுக்கு அது வசதி. சாமி கும்பிட வந்தவருக்குப் போதாது. நாகர்கோவிலுக்கும் சுசீந்திரத்துக்கும் சேர்த்து ஒரு முழுநாளை ஒதுக்குங்கள். காலையில் நாகர்கோவிலின் நாகராஜா, மாலையில் சுசீந்திரத்தின் தாணுமாலயன். இந்த வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம்.

காரணம் உண்டு. சூரிய உதயம் பார்த்த கூட்டம் முழுவதும் காலை எட்டு மணி தொடங்கி நடை சாத்தும் வரை சுசீந்திரத்தில்தான் இறங்கிக்கொண்டிருக்கும். மாலையில் அதே மாதிரிக் கூட்டம் அஸ்தமனத்துக்காகக் கடற்கரையில் நிற்கும். அந்த நேரத்தில் தாணுமாலயன் பிராகாரத்தில் காலாற நடக்கலாம். நாகராஜா கோயிலோ காலையில் பார்க்க வேண்டிய கோயில். நாகர் சிலைகளுக்குப் பால் ஊற்றுவதெல்லாம் வெயில் ஏறுவதற்குள் முடிந்தால்தான் கல்லில் கால் வைத்து நிற்க முடியும்.

வந்து இறங்கும் இடத்தில்தான் முதல் குழப்பம். ரயிலில் வந்தால் நாகர்கோவில் சந்திப்பு, நாகர்கோவில் டவுன் என்று இரண்டு நிலையங்கள். சந்திப்பு கோட்டாற்றில் இருக்கிறது. திருநெல்வேலிக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே ஓடும் வண்டிகளில் சில சந்திப்புக்குள் வராமலே டவுனில் நின்றுவிட்டுப் போய்விடும். டிக்கெட்டில் எது எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பேருந்து நிலையமும் அப்படித்தான். வெளியூர் வண்டிகளுக்கு வடசேரி, டவுன் பஸ்ஸுக்கு மீனாட்சிபுரத்தில் உள்ள அண்ணா பேருந்து நிலையம். ஆட்டோவில் ஏறி வெறுமனே "பஸ் ஸ்டாண்ட்" என்றால் உங்களை எங்கே இறக்குவார் என்பது அவருடைய சவாரியைப் பொறுத்தது. "வடசேரி" என்றோ "அண்ணா" என்றோ பேர் சொல்லிக் கேளுங்கள். நாகராஜா கோயிலுக்கு இரண்டிலிருந்தும் ஆட்டோ நிமிடங்களில் போய்விடும்.

நம் மாவட்டக் கோயில்களில் ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பனியனும் கூடாது. திருவிதாங்கூர்க் காலத்து வழக்கம் இன்றும் அப்படியே நிற்கிறது. வெளியூர்க்காரர்கள் வாசலில் வந்து நின்று தயங்குவது இதற்காகத்தான். வேட்டியும் தோளில் ஒரு துண்டுமாக வந்துவிட்டால் சிரமமில்லை. சட்டைப் பையில் போனும் பணமும் வைக்கிறவர்கள் ஒரு சிறு துணிப்பையைக் கொண்டுவர வேண்டும். மடித்த சட்டையை இடுப்பில் கட்டினால் குனியும்போது பைக்குள் இருப்பதெல்லாம் கீழே கொட்டும்.

நாகராஜா கோயிலுக்குள் தெற்கு வாசல் வழியாக வருவதே அழகு. மகாமேரு மாளிகை என்று அதற்குப் பெயர். தமிழ்நாட்டுக் கோபுரம் மாதிரி அல்லாமல், சாய்கூரை வைத்த மாளிகை வீடு போல இருக்கும். உள்ளே வந்ததும் சந்நிதிக்கு ஓட வேண்டாம். அரசமரத்தடியிலும் குளத்தின் ஓரத்திலும் வரிசை வரிசையாக நாகர் சிலைகள் இருக்கின்றன. சர்ப்ப தோஷம், கல்யாணத் தடை, பிள்ளை வரம் என்று ஆளாளுக்கு ஒரு வேண்டுதலோடு பால் ஊற்றி மஞ்சள்பொடி தூவுவார்கள்.

அதற்கும் ஒரு பக்குவம் இருக்கிறது. பாலை ஒரு சொம்பில் ஊற்றிக் கொண்டுவாருங்கள். பாக்கெட்டைப் பல்லால் கடித்துக் கிழித்து ஊற்றிவிட்டு, உறையை அங்கேயே சிலைக்குப் பின்னால் செருகிவிட்டுப் போகிற பழக்கம் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். ஒரு சிலைக்கு ஒரு கரண்டிப் பால் போதும், அரை லிட்டர் பத்துப் பதினைந்து சிலைகளுக்கு வரும். மஞ்சள்பொடியும் சிட்டிகை அளவே. முதலில் பால், அதன்மேல் மஞ்சள் என்றால்தான் சிலையில் ஒட்டும். முதலில் மஞ்சளைத் தூவினால் பால் அதைக் கழுவித் தரையில் சேறாக்கிவிடும். பாலும் மஞ்சளும் தண்ணீரும் கலந்த தரை எண்ணெய் போல வழுக்கும். வயதானவர்களை நடுவில் விடாதீர்கள், சேலைக் கொசுவத்தையும் வேட்டி நுனியையும் தூக்கிச் செருகிக்கொண்டு நடங்கள்.

பிறகு மூலவர். நாகராஜாவின் கருவறைக்கு ஓலைக்கூரைதான். ஓடும் இல்லை, விமானமும் இல்லை. ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் பழைய ஓலையை எடுத்துவிட்டுப் புதிது வேய்வார்கள். கருவறையின் தரை எப்போதும் ஈரமாகவே இருக்கும். அந்த மண்ணே இங்கே பிரசாதம். ஆடி முதல் மார்கழி வரை மண் கருப்பாகவும் தை முதல் ஆனி வரை வெள்ளையாகவும் இருக்கும் என்பது ஊர் நம்பிக்கை. பிரசாத மண்ணை விபூதியோடு கலந்துவிடாமல் தனித்தாளில் மடித்து வையுங்கள். ஈரமாகவே பொதிந்தால் வீட்டுக்குப் போவதற்குள் பூஞ்சை பிடிக்கும். ஒரு மணி நேரமாவது காற்றாட விட்டு மடிப்பது நல்லது.

மூலவர் நாகராஜா என்றாலும் கொடியேற்றமும் தேரும் அனந்தகிருஷ்ணனுக்கு. தை மாதத்தில் திருவிழா. கொடிமரத்தை அண்ணாந்து பாருங்கள். பெருமாள் கோயில் கொடிமரத்தில் கருடன் இருப்பதுதான் முறை, இங்கே ஆமை இருக்கிறது. பாம்புக்கும் கருடனுக்கும் ஆகாது என்பதால் இப்படி என்று பெரியவர்கள் சொல்வார்கள். சிவனுக்கும் சந்நிதி இருக்கிறது. இவற்றோடு தூண்களில் பார்சுவநாதர், மகாவீரர் சிற்பங்களும் உண்டு. 16-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் குணவீர பண்டிதர், கமலவாகன பண்டிதர் என்று சமணப் பெயர்கள் வருகின்றன. அர்ச்சனைக்கு வரிசையில் நிற்கும்போது பக்கத்துத் தூணைத் திரும்பிப் பார்த்தால் போதும், பெரும்பாலோர் அதைக்கூடப் பார்ப்பதில்லை.

ஆவணி ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் நாகராஜா திடலைத் தாண்டி ரோட்டுக்கு வந்துவிடும். அன்று வருவது புண்ணியம் என்று நினைக்கிறவர்கள் தாராளமாக வரலாம். ஆனால் கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கு நாங்கள் சொல்வது வேறு ஏதாவது செவ்வாயோ புதனோ. ஆயில்ய நட்சத்திர நாளிலும் கூட்டம் உண்டு, ஆனால் தாங்கும்.

பசிக்கு வடசேரிப் பக்கம் போய்விடுங்கள். புட்டும் பயறும் பப்படமும், கூடப் பிசைந்து சாப்பிட ஒரு பழம் என்பது இந்தப் பக்கத்துக் காலைச் சாப்பாடு. மட்டிப்பழம் கிடைத்தால் விடாதீர்கள். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம், சின்னதாகத்தான் இருக்கும், ஆனால் மணம் கடைக்கு வெளியிலேயே தெரியும். தோல் மெல்லியது, பையில் அடியில் வைத்தால் ஊர் போய்ச் சேராது. வடசேரிக்கு இன்னொரு பெருமை, சாமிக்கும் பரதநாட்டியத்துக்கும் செய்யும் கோயில் நகைகள். அதுவும் புவிசார் குறியீடு பெற்றதுதான். மத்தியானம் சாப்பாடு என்றால் பாயசத்தில் போளியைப் பிய்த்துப் போட்டுச் சாப்பிடாமல் எழுந்திருக்க வேண்டாம்.

நடை சாத்தியிருக்கும் மதிய நேரத்தைக் கோட்டாற்றில் கழிக்கலாம். சோழர் கல்வெட்டுகளில் மும்முடிச் சோழநல்லூர் என்று வரும் பழைய வணிக ஊர் இது. கம்போளம் என்கிற கடைவீதியின் நெரிசலில் வண்டியோடு மாட்டிக்கொள்ளாதீர்கள், நடந்து போங்கள். சவேரியார் பேராலயத்தில் மறைசாட்சி தேவசகாயத்தின் கல்லறை இருக்கிறது. 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர், 2022 மே 15-இல் புனிதர் பட்டம் பெற்றார். சவேரியார் திருவிழா நவம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர் 3 வரை. தேர்நாளில் இந்துக்களும் வந்து மெழுகுவத்தி ஏற்றுவது இங்கே யாருக்கும் புதிதல்ல.

நான்கரைக்குள் சுசீந்திரத்துக்குக் கிளம்புங்கள். ஆறேழு கிலோமீட்டர்தான். கன்னியாகுமரி வண்டி எல்லாம் சுசீந்திரத்தில் நிற்கும் என்று எண்ணி ஏறிவிடக் கூடாது; "சுசீந்திரம் நிக்குமாண்ணே?" என்று கண்டக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். டவுன் பஸ் என்றால் அந்தக் கவலையில்லை. பழையாற்றுப் பாலம் வரும்போதே கோபுரம் தெரிந்துவிடும்.

ஏழு நிலை, 134 அடி. மாலை வெயில் மேலே விழும் நேரம், தெப்பக்குளத்தின் படியில் பத்து நிமிடம் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே போகலாம். நடுவில் மண்டபத்தோடு இருக்கும் இந்தக் குளத்தில் படி பாசி பிடித்திருக்கும், கால் நனைக்க ஆசைப்பட்டால் மேல்படியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உள்ளே இரண்டு முக்கியச் சந்நிதிகள். ஊரில் வடக்கேடம், தெக்கேடம் என்போம். வடக்கேடத்தில் தாணுமாலயன்: சிவன், திருமால், பிரம்மா மூவரும் ஒரே லிங்கத்தில். தெக்கேடத்தில் பெருமாள். அத்திரி முனிவரின் மனைவி அனசூயை தன்னைச் சோதிக்க வந்த மும்மூர்த்திகளைக் குழந்தைகளாக்கிய கதை இந்தத் தலத்துக்கு உரியது. அதனால் முதலில் வடக்கேடம், அடுத்து தெக்கேடம், பிறகு பிராகாரம் என்று போங்கள். நேராக ஆஞ்சநேயரிடம் ஓடிவிட்டு நேரமாகிவிட்டது என்று மூலவரைப் பார்க்காமலே திரும்புகிறவர்கள் கணிசம்.

ஆஞ்சநேயரைப் பார்த்தால் அவர்கள் ஓடியதில் தப்பில்லை என்றும் தோன்றும். பதினெட்டு அடி உயரம், ஒரே கல். காலடியில் நின்றால் முகம் முழுதாகத் தெரியாது. நாலைந்து அடி பின்னால் தள்ளி, சற்று ஓரமாக நின்று பாருங்கள். வடைமாலை, வெற்றிலைமாலை, வெண்ணெய்க்காப்பு மூன்றும் இங்கே விசேஷம். இவ்வளவு பெரிய திருமேனிக்கு முழுக்காப்பு சாத்த வேண்டுமென்றால் வாசலில் வாங்கும் ஒரு உருண்டை வெண்ணெய் எந்த மூலைக்கு? கோயில் அலுவலகத்தில் முன்கூட்டியே பதிந்துவிட்டு வர வேண்டும். மார்கழியில் ஆஞ்சநேயர் ஜெயந்திக்கு அந்தப் பதிவும் கடினம்.

பிராகாரம்தான் நிதானமாகப் பார்க்க வேண்டியது. விளக்கேந்திய பாவைகள் செதுக்கிய தூண்கள் இருபுறமும் நீண்டுகொண்டே போகும். ஒரு தூணில் பெண்ணுருவில் பிள்ளையார், விக்னேஸ்வரி. யாரையாவது கேட்டால் காட்டுவார்கள், தானாகத் தேடினால் தவறவிடுவீர்கள். அலங்கார மண்டபத்தில் இசைத்தூண்கள் நான்கு. ஒவ்வொன்றும் ஒரே கல்லில் சிறுகம்பங்களாகப் பிளந்து செதுக்கியது. தட்டித் தட்டிக் கல் தேய்ந்ததால் இப்போது கம்பி போட்டிருக்கிறார்கள். கம்பி இடுக்கில் விரலை விடுகிறவர்களை என்ன சொல்வது! பழைய கொன்றை மரத்தடியும், சுதையில் செய்த பெரிய நந்தியும் கூட்டமில்லாத மாலையில் நின்று பார்க்கத் தோதானவை. ராத்திரி அர்த்தசாமப் பூசையை இந்திரனே வந்து செய்கிறான் என்பது ஐதீகம்; அதனால் இரவில் பூசை செய்த போத்தி (பூசாரி) மறுநாள் காலையில் நடை திறப்பதில்லை.

வெளியே வந்தபின் தேர் ஓடும் ரத வீதிகளை ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போங்கள். இந்த வீதிகளில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு நடக்கக்கூட உரிமையில்லாத காலம் இருந்தது. அந்த உரிமைக்காக 1926-இல் இங்கே சத்தியாக்கிரகம் நடந்தது. கோயிலுக்குள்ளேயே எல்லா இந்துக்களும் போகலாம் என்ற ஆலயப் பிரவேச அறிவிப்பு வந்தது 1936 நவம்பர் 12-இல். தாணுமாலயனைக் கும்பிட வருகிற யாரும் இதைத் தெரிந்துகொண்டு வருவது நல்லது. வெளிச்சம் மிச்சமிருந்தால் குளக்கரைப் பக்கம் கண்ணை ஓட்டுங்கள். சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022-இல் ராம்சர் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டவை. வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகான மாதங்களில் பறவைகள் நிறைந்திருக்கும்.

மார்கழித் திருவிழாவுக்கு வருவதானால் மூன்றாம் திருவிழா இரவையோ ஒன்பதாம் திருவிழாவையோ தேர்ந்தெடுங்கள். மூன்றாம் நாள் மக்கள்மார் சந்திப்பு: கோட்டாறு வலம்புரி விநாயகரும் வேளிமலைக் குமாரசுவாமியும் மருங்கூர் முருகனும் பெற்றோரைப் பார்க்க வந்து சேர்வார்கள். ஒன்பதாம் நாள் தேரோட்டம். மூன்று தேர்கள் கிளம்பும் நேரத்தில் வீதிகளுக்குள் எந்த வண்டியும் நுழைய முடியாது, காரை ஊருக்கு வெளியே போட்டுவிட்டு நடங்கள். தேர் திரும்பும் முனையில் குழந்தையோடு நிற்காதீர்கள். வடம் சட்டென்று பக்கவாட்டில் இழுக்கும், கூட்டம் சுவரோடு நெருக்கும். வீதியின் நடுப்பகுதியில், ஏதாவது வீட்டுத் திண்ணையைக் கேட்டு ஏறி நிற்பதுதான் பாதுகாப்பு. திருவிழாக் காலத்தில் யாரும் இல்லையென்று சொல்வதில்லை.

சுசீந்திரத்து அம்மனான முன்னுதித்த நங்கையை வேண்டி வருகிறவர்கள் மட்டும் புரட்டாசியில் நாள் பார்த்து வரவேண்டும். நவராத்திரிக்காக அம்மன், பத்மநாபபுரம் சரஸ்வதியோடும் வேளிமலைக் குமாரசுவாமியோடும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளிவிடுவாள். நவராத்திரிக்குச் சில நாள் முன்பே ஊர்வலம் கிளம்பிவிடும், விஜயதசமி முடிந்த கையோடும் திரும்பிவிட மாட்டாள். பஞ்சாங்கத்தில் நவராத்திரி தொடங்கும் நாளைப் பார்த்து, அதற்கு ஒரு வாரம் முன்போ, விஜயதசமி கழிந்து ஒரு வாரம் பின்போ வாருங்கள்.