தாம்பரம் பக்கம் வீடு தேடியபோது அத்தை கேட்ட கேள்விகள்

வீடு பார்க்கப் போகிறவர்கள் ஹாலை அளப்பார்கள், கிச்சன் அலமாரியைத் திறந்து மூடிப் பார்ப்பார்கள். என் அத்தை, அதாவது மாமியார், வாசலிலேயே நின்று தெருவைப் பார்ப்பார். "இங்கேருந்து பாப்பா தனியாப் போய்க் கறிவேப்பிலை வாங்கிட்டு வர முடியுமா?" இதுதான் அவருடைய முதல் கேள்வி. சதுர அடி, யூ.டி.எஸ். (அடுக்குமாடி நிற்கிற நிலத்தில் நம் பங்கு) கணக்கோடு வந்த புரோக்கர்கள் இதற்கு என்ன சொல்வது என்று தெரியாமல் முழிப்பார்கள்.

மேற்கு மாம்பலத்தில் வாடகைக்கு இருந்தோம். எனக்குக் கிண்டியில் வேலை, என் கணவருக்கு ஒரகடத்தில். மகள் மூன்றாம் வகுப்பு, மகன் எல்.கே.ஜி. மாம்பலத்திலேயே வாங்க நமக்குக் கட்டுப்படியாகாது. இரண்டு பேருக்கும் நடுவில் என்று பார்த்தால் தாம்பரம். மின்சார ரயில்கள் பல அங்கிருந்தே புறப்படுவதால் காலையில் உட்கார இடம் கிடைக்கும். பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம் என்று தெற்கே போகப் போக விலை குறையும், வண்டியும் குறையும். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்ததிலிருந்து அந்தப் பக்கத்து வீட்டு விளம்பரங்களில் 'கிளாம்பாக்கம் ஐந்து நிமிடம்' என்று போடாதவர்களே இல்லை. ராத்திரி இரண்டு மணிக்குக் கிளம்பினால் ஒருவேளை போகலாம். அது இருக்கட்டும், வருஷத்துக்கு நாலு தடவை ஊருக்குப் போகிற குடும்பத்துக்குப் பஸ் நிலையம் எதற்குப் பக்கத்தில்?

முதலில் முடிச்சூர்ப் பக்கம்தான் போனோம். அவருக்கு அங்கிருந்து ஒரகடம் நேர் ரோடு. எங்கள் பட்ஜெட்டுக்குத் தனி வீடே கிடைக்கும் போலிருந்தது. ஆனால் 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தெருவில் படகு ஓடியதை டிவியில் பார்த்தவர்கள் நாங்கள். அடையாற்றுக்கு மேலிருந்து வரும் வெள்ளம் முதலில் புகுகிற இடங்கள் அவை. விற்பவரைக் கேட்டால், "அதெல்லாம் அப்போம்மா, இப்போ கால்வாய் வெட்டிட்டாங்க" என்றார். அத்தை அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. தெருமுனையில் இஸ்திரி வண்டிக்காரரிடம் போய், "தம்பி, மழைக்கு இங்க எப்படி?" என்று கேட்டார். அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு முதலில் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார், அது 2015. அப்புறம் முழங்காலுக்கு மேலே கையை வைத்தார், அது 2023 மிக்ஜாம் புயல். அந்தத் தெருவைப் பற்றி வேறு யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அதற்கப்புறம் தெருவைப் பார்த்தே ஓரளவு கணிக்கப் பழகிக்கொண்டேன். புதிதாகக் கட்டிய வீடுகளுக்கு வாசலில் ஐந்தாறு படி, கார் ஏற முடியாத சரிவு, ஈ.பி. மீட்டர் பெட்டி தலைக்கு மேலே என்றிருந்தால் அந்தத் தெருவுக்கு வெள்ளம் பழக்கம் என்று அர்த்தம். பழைய வீடுகளின் வாசல் ரோட்டைவிடத் தாழ்ந்திருக்கும். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே ஒவ்வொரு தடவையும் புது ரோடு போட்டால் வேறென்ன ஆகும்? வெள்ளத்துக்குப் பயந்து கட்டிய படிகள் அத்தையின் முழங்காலுக்கும் ஆகாது. முடிச்சூரை அத்தோடு விட்டோம்.

தாம்பரத்தில் இன்னொன்றும் இருக்கிறது. தெற்கே போகிற நெடுஞ்சாலையான ஜி.எஸ்.டி. ரோடும் தண்டவாளமும் பக்கத்துப் பக்கத்தில் ஓடி ஊரைக் கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிரித்துவிடுகின்றன. நாங்கள் பார்த்து வைத்த பள்ளிக்கூடம் கிழக்கே. மேற்கே வீடு வாங்கினால் குழந்தைகள் தினமும் அந்த நெரிசலைத் தாண்ட வேண்டும், அதற்காக வேன் ஆறே முக்காலுக்கே வந்து நிற்கும். எல்.கே.ஜி. பிள்ளையை ஐந்தரைக்கு எழுப்புவதா? பெரியவர்கள் எப்படியோ போய்ச் சேருவோம். பள்ளிக்கூடம் இருக்கிற பக்கமே வீடு என்று முடிவானது இப்படித்தான்.

சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் என்று வேளச்சேரி ரோடு பிடித்துத் தேடினோம். இங்கேயும் ஏரிகள் உண்டு. அவற்றின் உபரிநீர் கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குத்தான் போய்ச் சேர வேண்டும். அதை 2022இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்த்தார்கள், சந்தோஷம். ஆனால் வழியிலிருக்கிற கால்வாய்களில் பாதி வீடாகிவிட்டதால் ஏரிக்கரையை ஒட்டிய தெருக்களை நாங்கள் தொடவே இல்லை.

அடுத்தது தண்ணீர். "போர் தண்ணி சூப்பரா இருக்கும்" என்று எல்லாரும் சொல்வார்கள். பாத்ரூம் குழாயின் கழுத்தில் வெள்ளையாகப் பொரிந்திருப்பதைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். அத்தைக்கு அது போதாது. பிடித்த வீடுகளிலெல்லாம் ஒரு பாட்டிலில் போர் தண்ணீர் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் ஒரு கைப்பிடி துவரம்பருப்பை அந்தத் தண்ணீரில், குக்கர் இல்லாமல், சின்னப் பாத்திரத்தில் வேகவைத்தார். ஒரு வீட்டுத் தண்ணீரில் முக்கால் மணி நேரம் கொதித்தும் பருப்பு கல்லு கல்லாகவே நின்றது. நாங்கள் வாங்கிய வீட்டுத் தண்ணீரில் அரை மணியில் மசிந்தது. என் கணவர் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கிற டி.டி.எஸ். மீட்டர் வாங்கி வைத்திருந்தார், அதைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை.

பத்திரம், பட்டா, 30 வருட வில்லங்கம், சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அப்ரூவல் எல்லாம் வக்கீல் பார்த்தார், நீங்களும் வக்கீலை வைத்தே பாருங்கள். லேஅவுட் வரைபடத்தை மட்டும் நான் கையில் எடுத்துக்கொண்டு நேரில் போனேன். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட்டில் பத்து சதவீத நிலத்தைப் பூங்கா, விளையாட்டு இடத்துக்கு ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். வரைபடத்தில் அது பச்சையாக இருக்கும். ஓர் இடத்தில் அந்தப் பச்சையைத் தேடிப் போனால் டிரான்ஸ்பார்மரும், இடித்த கட்டடக் குப்பையும், ஒரு லாரியும் நின்றன. இன்னோர் இடத்தில் சாயங்காலம் ஐந்தரை மணிக்குப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் செருப்பை ஸ்டம்பாக வைத்துக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். சுவரோரம் பாட்டிகள் உட்கார்ந்திருந்தார்கள். அத்தை அவர்களோடு உட்கார்ந்தார். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், பால் எத்தனை மணிக்கு வரும், கழிவுநீர் லாரிக்கு என்ன செலவாகும், கோவில் எந்தப் பக்கம் என்று சகலமும் தெரிந்துகொண்டுதான் எழுந்தார். அண்ணாச்சி கடை அதே தெருவில், ரோட்டைத் தாண்டாமலே போகலாம்.

அங்கேதான் வாங்கினோம். 850 சதுர அடி, இரண்டாம் மாடி, நல்லவேளை லிஃப்ட் உண்டு. அதே பணத்துக்கு ஊரப்பாக்கத்தில் மூன்று பெட்ரூம் கிடைத்திருக்கும் என்று என் தம்பி இன்னும் சொல்லிக் காட்டுவான். மறுவிற்பனைக்கு வருகிற வீடு என்றால் முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2 என்று ஒன்பது சதவீதத்தைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும், இதை முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குறை இல்லாமலில்லை. விமானப் படைத் தளம் பக்கம் என்பதால் பகலில் சத்தம். தெருநாய்கள் அதிகம். என் கணவர் கம்பெனி பஸ்ஸுக்கு மேற்குத் தாம்பரம் வரை போக வேண்டியிருக்கிறது, அதற்கு ஷேர் ஆட்டோ. போன மாதம் பூங்காவில் கிரிக்கெட் ஆடக் கூடாது என்று குடியிருப்போர் சங்கத்தில் ஒருவர் போர்டு வைக்கப் பார்த்தார். ஜன்னல் கண்ணாடி போனதுதான் காரணம், அவர் கோபமும் நியாயம்தான். ரப்பர் பந்து மட்டும், ஆறரை வரைக்கும் என்று இப்போதைக்குப் பேசி வைத்திருக்கிறார்கள். அதைப் பேசி முடித்தவர் எங்கள் அத்தை.