கல்வெட்டுக்கு எத்தனை வரி?

வாரநாள்களில் மென்பொருள் வேலை. சனிக்கிழமைகளில் பெங்களூரில் ஒரு கலை அறிவியல் கல்லூரிக்குப் போய், கணினித் துறையைச் சேராத மாணவர்களுக்குத் தகவல் அமைப்புகள் பாடம் எடுக்கிறேன். வரலாறு, பி.காம்., உயிரியல் என்று கலந்து உட்கார்ந்திருப்பார்கள். வன்பொருள், மென்பொருள், தரவு, மனிதர், நடைமுறை என்று ஐந்து கூறுகளோடு பாடத்திட்டம் தொடங்கும். மனப்பாடம் செய்து எழுதலாம், எழுதிய மறுநாளே மறக்கலாம். அதைச் சீக்கிரம் முடித்துவிட்டு, உங்கள் துறையிலிருந்து ஒரு பட்டியல் கொண்டுவாருங்கள் என்று கேட்டுவிடுவேன். உண்மையான பாடம் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

இந்தப் பருவத்தில் வந்தது பெங்களூரின் ஒரு பகுதியான தொம்மலூர். அல்சூரில் வளர்ந்த ஒரு தமிழ்ப் பெண், வரலாறு படிப்பவள், அங்குள்ள சொக்கநாதசுவாமி கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளை எக்செல்லில் ஏற்றிக்கொண்டு வந்தாள். பி.எல். ரைஸ் பதிப்பித்து 1905இல் வெளிவந்த ‘எபிகிராஃபியா கர்நாடிகா’ என்ற கல்வெட்டுத் தொகுப்பின் ஒன்பதாம் தொகுதியைப் பார்த்துத் தட்டச்சு செய்திருந்தாள்.

முதல் தகராறு தேதியில். எக்செல்லின் நாள்காட்டி 1900 ஜனவரி 1இல் தொடங்குகிறது. அதற்கு முந்தைய எந்தத் தேதியும் அதற்கு வெறும் எழுத்துதான்; இரண்டு தேதிகளுக்கு இடையே எத்தனை நாள் என்று கணக்குப் போடாது.

“அப்படியானால் எக்செல்லைப் பொறுத்தவரை கல்வெட்டுக் காலத்து ஹொய்சள மன்னர்களே இல்லையா, மேடம்?” என்றாள்.

வகுப்பு சிரித்தது. நான் அந்தக் கேள்வியை விடவில்லை. கல்லில் உள்ளதை உள்ளபடியே ஒரு பத்தியில், அதாவது எக்செல்லின் ஒரு செங்குத்து வரிசையில் வை. நீ கணித்த கிறித்துவ ஆண்டை வேறொரு பத்தியில் எண்ணாக வை என்றேன். கல்லில் இருப்பது சக சகாப்த ஆண்டென்றால் 78 கூட்ட வேண்டும். தை, மாசிப் பக்கம் விழுந்தால் 79. சக ஆண்டு இல்லாமல் அறுபது ஆண்டுச் சுழற்சியின் பெயர் மட்டும் இருந்தால், கணிப்பு அறுபது ஆண்டு முன்னேயோ பின்னேயோ போய்விடலாம். ஆகவே எப்படிக் கணித்தாய் என்பதற்கு மூன்றாவது பத்தி. “வவுச்சர் வேறு, பேரேட்டுப் பதிவு வேறு, அவ்வளவுதானே?” என்றான் ஒரு பி.காம். மாணவன். அவ்வளவுதான். சான்றையும் ஊகத்தையும் ஒரே கட்டத்தில் போட்டுக் குழப்பாதவனுக்குப் பாதிப் பாடம் முடிந்தது.

அடுத்தது கொடையாளிகள். கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து நிலம் கொடுத்த கல்வெட்டு ஒன்று இருக்கிறது. இருவர் பெயரையும் காற்புள்ளி இட்டு ஒரே கட்டத்தில் அடைத்திருந்தாள். பெண்கள் பங்குகொண்ட கொடைகள் எத்தனை என்று கேட்டேன். கண்ணால் எண்ணத் தொடங்கினாள். அட்டவணையில் ஒரு வரி என்பது கல்லா, கொடையா, ஆளா? அரைமணி நேரம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் அவர்களே மூன்றையும் மூன்று அட்டவணைகளாகப் பிரித்து, கல்வெட்டு எண்ணால் கோத்தார்கள். ஐ.பி.எம்.மில் இருந்த எட்கர் காட் 1970இல் எழுதிய கட்டுரை இப்படிப்பட்ட பிரிப்புக்குத்தான் கணித அடிப்படை போட்டது என்று அதன் பிறகே சொன்னேன். முதலில் சொல்லியிருந்தால் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு தூங்கியிருப்பார்கள்.

ஊர்ப்பெயரும் விடவில்லை. கல்வெட்டுகளில் தொம்மலூர், தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் வருகிறது. வரலாற்று மாணவிக்கு ஓர் ஊர், கணினிக்கு மூன்று. ஊருக்கு ஓர் எண் கொடுத்து, பெயர்களை அந்த எண்ணின் கீழ்க் கட்டினோம்.

உயிரியல்காரர்கள் இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குச் செப்ட்2 மரபணுவைச் சொன்னேன். அதை ஆங்கிலத்தில் தட்டினால் எக்செல் செப்டம்பர் 2 என்று மாற்றிவிடும். ஆய்வுத்தாள்களின் இணைப்புப் பட்டியல்களிலேயே இந்தப் பிழை புகுந்திருந்தது. 2020இல் மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு, செப்டின்2 என்று குறியீட்டையே மாற்றிவிட்டது. அப்போது மென்பொருள் அசையவில்லை, மரபணு நகர்ந்துகொண்டது! எனக்கு இன்றும் இது கோபம் வரவழைக்கிற செய்தி.

தேர்வுத்தாளோ, எக்செல்லில் தரவைத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிள் உருவாக்கும் படிகளைத் தாளில் எழுதச் சொல்கிறது. எந்தப் பொத்தான், அதன் பிறகு எந்தப் பொத்தான். அடுத்த பதிப்பில் பொத்தான் இடம் மாறினால் அந்த மதிப்பெண்ணுக்கு என்ன பொருள்? கேட்டுப் பார்த்தேன், பாடத்திட்டம் அப்படித்தான் என்றார்கள். ஆகவே தேர்வுக்கு முந்தைய வாரம் பொத்தான்களையும் சொல்லிக் கொடுக்கிறேன்.

அடுத்த பருவத்தில் எஸ்க்யூலைட் (SQLite) என்ற தரவுத்தள மென்பொருளைக் கொண்டுவர எண்ணம். இலவசம், ஒரே கோப்பு, கல்லூரியின் பழைய கணினிகளிலும் ஓடும். தாவரவியல் மாணவர்கள் லால்பாக் பூங்காவின் மரங்களைப் பட்டியலிடப் போகிறார்களாம். மரம் ஒரு வரியா, இனம் ஒரு வரியா என்று இப்போதே சண்டை தொடங்கிவிட்டது.