கல்லுக்கு அடியில்

தலவாக்கலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், முழங்கால் அளவு ஓடைத் தண்ணீரில் நின்று கல்லைக் கிளறுவதுதான் இரண்டு வருடமாக என் முதுகலை ஆய்வு. கீழ்ப்பக்கம் வலையைப் பிடித்துக்கொண்டு மேலே காலால் கிளறினால், ஒளிந்திருக்கும் பூச்சிகள் நீரோடு வந்து வலையில் விழும். எந்தப் பூச்சிகள் இருக்கின்றன என்பதை வைத்து ஓடை நீர் எவ்வளவு சுத்தம் என்று அறிய, அவற்றை வெள்ளைத் தட்டில் கொட்டிப் பார்ப்பேன்.

லயங்களுக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, மேலே, காட்டை ஒட்டிய இடத்தில் இரண்டு வால் கொண்ட கல் ஈக் குஞ்சுகளும், மணலை ஒட்டிக் கூடு கட்டும் புழுக்களும் கிடைக்கும். லயத்துக் கழிவுநீர்க் கான் வந்து சேரும் இடத்துக்குக் கீழே சிவப்புப் புழுக்கள்தான் அதிகம். நம் இரத்தத்தில் இருப்பதுபோல அவற்றின் உடலிலும் ஹீமோகுளோபின் உண்டு. ஒட்சிசன் குறைந்த நீரிலும் அவை பிழைத்துக்கொள்ளும்.

போத்தலில் பிடித்த நீர் அந்த நேரத்து நிலையை மட்டுமே சொல்லும். பூச்சியோ மாதக்கணக்கில் அங்கேயே வாழ்கிறது. போன வாரம் மழையில் கரைந்து வந்த உரம் ஓடிப்போயிருக்கலாம், ஆனால் அதைத் தாங்காத பூச்சி இன்று தட்டில் இருக்காது.

முதல் பருவத்தில் பேனாவால் எழுதிய சீட்டுகளைப் போத்தலுக்குள் போட்டுவிட்டேன். பூச்சிகள் கெடாமலிருக்க ஊற்றிய மதுசாரத்தில் மை கரைந்து, எந்தப் போத்தல் எந்த இடத்தினது என்றே தெரியாமல் போனது. மூன்று மாத உழைப்பு. அன்றிரவு அழுதேன். அப்புறம் பென்சில்தான்.

ஒருநாள் பீலியில் தண்ணீர் பிடிக்க வந்த ஆயா ஒருவர், "என்னா புள்ள, மீனா புடிக்கிற?" என்றார். தட்டைக் காட்டினேன். கூடு கட்டும் புழுவை உடனே அடையாளம் கண்டார். "சின்னதுல இத ஒதுக்கிட்டுத்தான் தண்ணி அள்ளுவோம். இப்ப எங்க லயத்துப் பக்கம் காணோம்" என்றார். நான் நுணுக்குக்காட்டியில் தேடியதை அவர் வெறுங்கண்ணால் பார்த்து வைத்திருக்கிறார்.

கலாநிதிப் பட்டத்துக்கு நீர்மின் திட்டங்களை எடுக்கச் சொல்கிறார்கள். 2012 முதல் இயங்கும் 150 மெகாவாட் மேல் கொத்மலைத் திட்டம் இங்கேயே இருக்கிறது. தொழிலுக்கும் அது நல்ல வழிதான். ஆனால் எனக்கு இந்தச் சிற்றோடைகள் வேண்டும். இவைதான் கொத்மலை ஓயாவில் விழுந்து, 335 கிலோமீட்டர் ஓடும் மகாவலியில் சேர்கின்றன. இரண்டு பருவமழைக் காலமும் ஒவ்வொரு மாதமும் மாதிரி எடுக்க வேண்டும். தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் தட்டு பார்க்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். விண்ணப்பத்தில் முதல் மாதிரி இடமாக அந்த ஆயாவின் பீலிக்குக் கீழே உள்ள வளைவைத்தான் எழுதியிருக்கிறேன்.