காலரா முகாம் அத்தியாயம்: வாசிப்பு நாட்குறிப்பு

ஜூன் 8, ஞாயிறு

எங்கள் வாசிப்புக் குழு இந்த மாதம் எடுத்திருப்பது சயாம் மரண ரயில்பாதை, அதாவது இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட பாதை பற்றிய ஒரு மலேசியத் தமிழ் நாவல். முதல் பகுதி வேகமாகப் போய்விட்டது. தோட்டத்து லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்), ஜப்பான்காரன் வந்ததும் ரப்பர் வாங்க ஆளில்லாமல் கூலி நின்றுபோனது, வீட்டுக்கு வீடு மரவள்ளிக் கிழங்கு, அப்புறம் "மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி" (மலாயா டாலர்) என்று ஆள் சேர்ப்பது. கூட்ஸ் வண்டியில் ஏறுகிறவன் தீபாவளிக்குள் வந்துவிடுவேன் என்று மனைவியிடம் சொல்கிற இடத்திலேயே எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இன்னும் ஓர் அடிகூட விழவில்லை. அவர்களுக்குத் தெரியாதது நமக்குத் தெரிகிறதே, அதுதான் தாங்க முடியவில்லை.

ஜூன் 11, புதன்

காலரா அத்தியாயம். 1943 மழைக்காலம், ஒழுகுகிற அத்தாப்பு ஓலைக் கொட்டகை, பக்கத்திலேயே கழிவுக்குழி, பசியோடு ஆற்றுத் தண்ணீரை அப்படியே அள்ளிக் குடிக்கிறார்கள். காலையில் பேசிக்கொண்டிருந்தவன் இரவு பிணம். எரிக்கிற குழியில் இன்னும் மூச்சு இருக்கிற ஒருவனையும் போடச் சொல்கிறான் காவலாளி, தூக்கிப் போகிறவன் அவனுடைய தோட்டத்துக்காரன். புத்தகத்தை மூடிவிட்டு வாசலில் போய் நின்றேன், இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. காவலாளி மேல் வந்த கோபம் இயல்புதான். தூக்கிப் போனவன் மேலும் வந்ததே, அதை என்ன செய்வது? முடியாது என்றிருந்தால் அடுத்தது அவன்தான். அது தெரிந்தும் கோபம் போகவில்லை, அவனை அப்படி ஓர் இடத்தில் நிறுத்தியவர்கள்மேல் மட்டும் போகவேண்டிய கோபம் இது என்று எனக்கு நானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஜூன் 12, வியாழன்

குழுவில் இன்று அதே பேச்சு. ஒரு அக்கா அந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டுப் போய்விட்டார். ஒரு தம்பிக்கு எதுவுமே தோன்றவில்லையாம், அதுதான் அவனைப் பயமுறுத்துகிறது. இன்னொருவர், "இவ்வளவு விவரமா எழுதணுமா, செத்தவங்களுக்கு ஒரு மரியாதை வேணாமா?" என்று கேட்டார்.

எழுதத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். சயாமின் பான்போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தான்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் பாதை. அதில் வேலை செய்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல், செத்தவர்கள் 12,000 பேருக்கு மேல். அவர்களுக்குக் கூடவே அதிகாரிகளும் மருத்துவர்களும் இருந்தார்கள், கொதிக்க வைக்காத தண்ணீரைத் தொடாதே என்று கண்டித்துச் சொல்ல ஆள் இருந்தது. சிலர் ஒளித்து வைத்து நாட்குறிப்பு எழுதினார்கள், படம் வரைந்தார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் இன்று அவர்களுடைய கல்லறைகள் கிட்டத்தட்ட 7,000 வரிசையாக இருக்கின்றன. நம் தமிழ் ஆட்களோடு மலாய்க்காரர்கள், பர்மியர், ஜாவாக்காரர்கள் எல்லாரும் சேர்ந்த ஆசியத் தொழிலாளர்களில் 90,000 பேர்வரை செத்திருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். பெயர்ப் பட்டியலே சரியாக இல்லை. குழந்தை குட்டியோடு போனவர்களும் உண்டு. அவர்கள் எப்படிச் செத்தார்கள் என்பதை நாவலும் மழுப்பிவிட்டால் அப்புறம் வேறு யார் சொல்வது?

ஜூன் 15, ஞாயிறு

ஆனால் ஒரு குறை உண்டு. காலராவுக்குப் பிறகு பக்கத்துக்குப் பக்கம் மூங்கில் அடி, ஒருவன் விழ இன்னொருவன் விழ, எனக்கு மரத்துப்போய்விட்டது. தம்பி சொன்னது இப்போது புரிகிறது, குறை அவனிடம் இல்லை, எழுத்தில்தான். பிறகு ஒரு சின்ன இடம்: குளிருக்கு ஒருவன் செத்த நண்பனின் இடுப்பிலிருந்து கோணிச் சாக்கை அவிழ்க்கிறான், முடிச்சு வரவில்லை, பொறுமையாக உட்கார்ந்து அவிழ்க்கிறான். அடி இல்லை, ரத்தம் இல்லை. அங்கேதான் அழுதேன்.

ஜூன் 16, திங்கள்

பெரியம்மாவுக்கு 85 வயது தாண்டிவிட்டது. தாத்தாவைச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனபோது அவர் சின்னப் பிள்ளை, என் அம்மா பாட்டி வயிற்றில். தாத்தா திரும்பவில்லை. இந்த நாவலைப் படிக்கிறேன் என்று சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துச் சொன்னேன். பெரியம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "சோறு போட்டாங்களாமா?"

புழுத்த அரிசியும் கருவாடும் என்று நாவலில் வருவதைச் சொன்னேன். "கருவாடு இருந்துச்சா" என்றார். ஆரம்பத்திலிருந்து படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார்.

ஜூன் 19, வியாழன்

லயத்துப் பகுதி முழுக்கப் படித்துக் காட்டியாயிற்று. காலரா அத்தியாயத்தில் என்ன வருகிறது என்று முன்னாலேயே சொல்லிவிட்டு, வேண்டுமா என்று கேட்கப்போகிறேன். அவராகவே சரி என்றால் படிப்பேன். குழுவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கும் இதையே செய்யச் சொல்லியிருக்கிறேன், எந்த அத்தியாயம், என்ன நடக்கிறது என்று வெளிப்படையாக. கதை கெட்டுவிடும் என்று ஒருவர் சொன்னார். சயாமுக்குப் போனவர்கள் என்ன ஆனார்கள் என்பது இந்த ஊரில் யாருக்குத் தெரியாது?