எழுத்துப் பிழையோடு ஒரு கறுப்புப் பக்கம்

சில ஆண்டுகளுக்கு முன், மே 18ஆம் திகதிக் காலையில், நான் பராமரித்துவந்த சிறிய தொண்டு அமைப்பொன்றின் இணையத்தளத்தைத் திறந்தபோது, மலையகப் பிள்ளைகளுக்கான புலமைப்பரிசில் விண்ணப்பம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புத் திரையும், அரசாங்கத்துக்கு எதிரான தமிழ் முழக்கங்களும், கேள்விப்பட்டிராத ஒரு குழுவின் பெயரும் இருந்தன. வெள்ளவத்தையில் இரண்டு அறைகளில் இயங்கும் தமிழ் அமைப்பைத் தாக்கி அரசாங்கத்துக்கு எதை உணர்த்தப் போகிறார்கள் என்று குழம்பினேன். சேர்வர் பதிவுகளைப் பார்த்தபோதுதான் விளங்கியது: முகவரி இலங்கையைக் குறிக்கும் ‘.எல்கே’ என்று முடிந்ததும், தளத்தில் பொருத்தியிருந்த துணை மென்பொருளான ஒரு ப்ளகினை நான் பதினொரு மாதங்களாகப் புதுப்பிக்காமல் விட்டிருந்ததும் அவர்களுக்குப் போதுமாக இருந்தன.

இத்தகைய ஊடுருவல்களில் பெரும்பாலானவை இப்படித்தான் நடக்கின்றன. பழைய மென்பொருளில் ஓடும் தளங்களைத் தானியங்கி நிரல் தேடித் தருகிறது. முகப்புக் கோப்பை மாற்றிவிட்டு, அதன் சாட்சியத்தை, ஊடுருவப்பட்ட தளங்களைப் பட்டியலிடும் ஸோன்-எச் போன்ற காப்பகத்தில் பதிந்து பெயர் வாங்குகிறார்கள். எந்தத் தளம் என்பதை அரசியலைவிட ஓட்டையே தீர்மானிக்கிறது. முகப்பை அரை மணித்தியாலத்தில் மீட்டுவிட்டேன். ஆனால் படங்கள் இருக்கும் கோப்புறையில், பரிசளிப்பு விழாப் படம்போலப் பெயர் சூட்டி ஒளித்துவைத்திருந்த பிஎச்பி நிரல் கோப்பை இரண்டு நாட்கள் கழித்தே கண்டுபிடித்தேன். கடவுச்சொற்களை எல்லாம் மாற்றியிருந்தும், அந்தப் பின்கதவால் அவர்கள் எந்நேரமும் திரும்பி வந்திருக்கலாம்.

இலக்கைத் தெரிந்து தாக்கியவர்களும் உண்டு. 1998இல் ‘இன்டர்நெட் பிளாக் டைகர்ஸ்’ என்ற பெயரில் இலங்கைத் தூதரகங்களை நாளொன்றுக்கு ஏறத்தாழ 800 மின்னஞ்சல்களால் இரண்டு வாரங்கள் திணறடித்தார்கள். 2016 ஆகஸ்டில் ஜனாதிபதியின் தளத்துக்குள் புகுந்தவர்கள், உயர்தரப் பரீட்சையை ஏப்ரலில் நடத்தும் முடிவை மீளாய்வு செய்யுமாறு சிங்களத்தில் எழுதியிருந்தார்கள். சில நாட்களில் 17 வயது மாணவர் ஒருவர் கைதானார். புத்தாண்டைப் பரீட்சைக்குப் பறிகொடுக்க எந்தப் பிள்ளைதான் சம்மதிக்கும்? 2021 பெப்ரவரி 6ஆம் திகதி, சுதந்திர தினம் கழிந்து இரண்டாம் நாள், ‘.எல்கே’ முகவரிப் பதிவகத்திலேயே கைவைத்ததால், கூகிளின் இலங்கை முகவரியைத் தட்டியவர்கள் தேயிலைத் தொழிலாளரின் இன்னல்களையும் ஊடகச் சுதந்திரத்தையும் பேசும் பக்கமொன்றுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கூகிளின் கணினி எதையும் உடைக்காமல், முகவரிப் புத்தகத்தில் ஒரு வரியை மாற்றிய வேலை அது. அங்கே சொல்லப்பட்டவற்றில் பெரும்பகுதியோடு எனக்கு உடன்பாடுதான். ஆனால் முகவரியை மாற்ற முடிந்தவருக்கு அதன் வழியாகப் போகும் மின்னஞ்சலைத் திருப்புவதும் இயலும் என்பதால், என்னால் கைதட்ட முடியவில்லை. 2022 ஏப்ரலில் அரசுக்கு எதிரான போராட்டக்காரர்களுக்கு ஆதரவு என்று, முகம் காட்டாத ஊடுருவிகள் உலகெங்கும் பயன்படுத்தும் அனோனிமஸ் என்ற பெயரில் இறங்கியவர்களின் கைவரிசையில் சாதாரண மாணவர்களின் கடவுச்சொற்களும் வெளியே வந்தன.

எங்கள் தளத்தை மீட்ட அன்று மாலை, ஓய்வுபெற்ற தமிழாசிரியரான அமைப்பின் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். விண்ணப்பங்கள் பத்திரமாக இருக்கின்றன என்று சொல்லி முடிப்பதற்குள் கேட்டார்: “அதெல்லாம் சரி தம்பி, அவங்கள் எழுதினதில ரெண்டு இடத்தில ஒற்று விட்டிருந்தது, கவனிச்சனீரோ?”